இரண்டு கதவும் திறந்த அகலம்

சனிக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் ரத்னபாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுப் பக்கத்து ஓலைக் கொட்டகைக்குள் போவாள். அங்கே கறுத்த அம்பாசடர் நிற்கும். ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்ப்பாள். பிறகு ஓட்டுகிற சீட்டில் ஏறி, ஸ்டியரிங்கில் கைவைத்துக் கண்மூடி ஒரு வார்த்தை சொல்லி, சோக்கை இழுத்து செல்ஃப் அடிப்பாள். எஞ்சின் பிடித்ததும் அவள் பாட்டும் தொடங்கும். ஐந்து சரணம் உள்ள ஒரு கீர்த்தனை.

அந்தப் பாட்டு எஞ்சினுக்கான அளவு. புருஷன் எலியா அரபு நாட்டில் இருக்கிற தம்மாமுக்கு டிரைவர் வேலைக்குப் புறப்பட்ட அன்று, வீட்டில் இருந்த ஒரே கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொண்டுதான் போனான். போகும்போது சொன்னான்:

"வாரத்துல ஒரு மட்டம் வண்டியை ஓட விடணும், கேட்டியா. அஞ்சு சரணமும் முழுசாட்டு பாடணும். மூணோட நிப்பாட்டினா பேட்டரியில ஒண்ணும் ஏறாது."

"பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடணுமா, ஒரு தடவை போதுமா?"

"திருப்பிப் பாடு. ஆண்டவருக்கும் சந்தோஷம், பேட்டரிக்கும் சந்தோஷம்."

செங்கலுக்கும் உதியன்குளங்கரைக்கும் இடையில் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் இது தெரியும். வண்டிக்குப் பாட்டுப் பாடிக்கொடுக்கிற பெண்பிள்ளை என்று சிரிப்பார்கள். ரத்னபாய்க்கு அதில் வருத்தம் இல்லை. தொட்டிலுக்குப் பாடலாம், தொழுத்தில் நிற்கிற மாட்டுக்குப் பாடலாம், வண்டிக்கு மட்டும் பாடக்கூடாதோ?

அந்த வண்டி அவர்கள் வீட்டுக்கு வந்தது சும்மா வந்ததல்ல. எலியாவின் அப்பா மேலேவீட்டுக்காரர்களின் தென்னந்தோப்பு ஓரத்தில் குடிசை கட்டிக் கிடந்தவர். நிலச்சட்டம் வந்தபோது, அப்படிக் குடிகிடந்தவர்களுக்கெல்லாம் இருந்த இடத்திலேயே பத்து சென்ட் சொந்தமாயிற்று. எலியா லாரியில் கிளீனராகப் போய் டிரைவராகி, திருவனந்தபுரத்தில் யாரோ ஓட்டித் தேய்ந்த அம்பாசடரை வாங்கி, பாறசாலை ஸ்டேஷன் வாசலில் டாக்சியாகப் போட்டான். ஆனால் ரோட்டிலிருந்து அந்தப் பத்து சென்டுக்கு வர மேலேவீட்டுத் தோப்பு வழியாக ஒற்றையடிப் பாதைதான். முதல் மழைக்காலம் முழுவதும் வண்டி ரோட்டோரத்தில் நனைந்துகொண்டு கிடந்தது.

மேலேவீட்டில் அப்போது பெரியவர் ராஜப்பன் இருந்தார். ஒருநாள் அவருக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தது. எலியா அவரை அள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். பத்து பதினைந்து நாள் கழித்து அதே வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பி வந்த பெரியவர், இறங்குவதற்கு முன்பே தோப்புக்காரனைக் கூப்பிட்டார். "எலே, இந்த வண்டி போற அகலத்துக்கு வரப்பை வெட்டி விடு. மூணு தென்னை போனா போவட்டு" என்றார். மூன்று தென்னை போயிற்று, வழி வந்தது. யாரும் எதையும் எழுதி வாங்கவில்லை. உயிரோடு திரும்பி வந்த மனுஷனிடம் எழுதிக் கேட்பது எப்படி?

பெரியவர் போய்ச் சேர்ந்தார். மகன் சோமன் தோப்புக்குப் பொறுப்பானான். எலியாவும் தம்மாமுக்குப் போனான். ஒப்பந்தம் முடிந்து வந்தால் மறுபடி இந்த வண்டியை ஸ்டேஷனில் போட்டுப் பிழைப்பதுதான் அவன் எண்ணம். அதுவரை வண்டியை உயிரோடு வைத்திருப்பது ரத்னபாயின் வேலை.

ஒரு மழைக்காலச் சனிக்கிழமை, மூன்றாம் சரணத்தின் நடுவில் அவள் பாட்டை நிறுத்தினாள். எஞ்சினிலிருந்து புதிதாக ஒரு சத்தம். டொக்கு... டொக்கு... டொக்கு. பக்கத்து வீட்டில் யாரோ உரலில் இடிக்கிற மாதிரி, கனத்த சத்தம். அணைத்தாள், நின்றது. மறுபடி போட்டாள், வந்தது.

உதியன்குளங்கரையில் பட்டறை வைத்திருந்த தங்கையன் மேஸ்திரியை வரவழைத்தாள். நல்ல மனுஷன்தான், ஆனால் கால் எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் நிற்கும். பானெட்டைத் திறந்து தலையைச் சரித்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, இது பெரிய நோவாக்கும். உள்ள பேரிங் போயாச்சு. எஞ்சினை இறக்கணும்."

"இங்க வச்சுப் பாக்கப்பிடாதா மேஸ்திரி?"

"இங்க வச்சா? வயித்தை அறுக்க வேண்டிய கேசை அடுக்களையில வச்சு அறுக்கச் சொல்லுதியளே! லாரியில ஏத்தி அனுப்புங்க. எலியா அண்ணன் வந்தப்பறம் ஆனாலும் செரி."

அவர் போன வழியிலேயே அந்தச் செய்தியும் போயிற்று. டீக்கடையில் சொல்லியிருப்பார், கெட்ட எண்ணத்தில் அல்ல. மத்தியானத்துக்குள் மேலேவீட்டுக்கு எட்டிவிட்டது: எலியாவின் வண்டி செத்துப்போயிற்று.

ரத்னபாய் அதை நம்பவில்லை. நம்பாததற்கு அவளிடம் காரணமும் இல்லை. மேஸ்திரி கேட்டதைத்தானே அவளும் கேட்டாள்? ஆனால் எலியா கேட்கவில்லையே. எலியாவும் கேட்கட்டும் என்று நினைத்தாள்.

அந்தக் காலத்தில் அக்கரையில் ஆள் இருக்கிற வீடுகளில் பேசுவதை கேசட்டில் பிடித்து, விமானம் ஏறப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். எலியா முதல் லீவில் வந்தபோது கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் வீட்டில் இருந்தது. அதன் பேட்டரி செல் மட்டும் தீர்ந்துபோய்க் கிடந்தது. செல் தீர்ந்தால் எல்லா வீட்டிலும் செய்வதுதான், ஓட்டின்மேல் வெயிலில் காயப்போடுவார்கள். உயிர் கொஞ்சம் திரும்பும். மழைக்கிடையில் வந்த இளவெயிலில் ரத்னபாயும் காயப்போட்டு எடுத்தாள்.

டேப்பை பானெட்டின் ஓரத்தில் வைத்து, வண்டியை ஓடவிட்டு, அது பாட்டுக்கு இடிக்க, அவள் வழக்கமான பாட்டைப் பாடினாள். பாடி முடித்து, "கேட்டியளா? இந்தச் சத்தம் ஆக்கும். என்ன செய்யணும்னு சொல்லுங்க. எனக்கு சுகம்" என்று முடித்தாள். போட்டுக் கேட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது. வடக்குத்தெரு ராபின்சன் அந்த வாரம் தம்மாமுக்குப் புறப்பட்டான். அவன் பெட்டியில் கேசட்டும் போயிற்று.

பதில் வர மழை முடிய வேண்டியிருந்தது. லீவில் வந்த ஒருவர் கையில் அதே கேசட்டின் மறுபக்கத்தில் எலியாவின் குரல், கூடவே சோப்பு, ஒரு தைலக் குப்பி, ஒரு பெட்டி புதிய செல். ரத்னபாய் புதிய செல்லைப் போட்டுக் கேட்டாள்.

"ரத்னம், கேசட்டு கிட்டிச்சு. இங்க ரூம்ல எல்லாவனும் உனக்க பாட்டைக் கேட்டுச் சிரிச்சானுவ. ஞாயிறு பள்ளிக்கூடத்துக் குட்டி பாடுதது மாதிரி இருந்து. சளி பிடிச்சிருந்தா என்ன? அது போவட்டு. நீ பயப்படாதே. அது பேரிங் ஒண்ணும் இல்ல. பேரிங்குன்னா கனமாட்டு இடிக்கும். இது டிக்கிடிக்கின்னு தையல் மிஷின் மாதிரி அடிக்குது. வால்வைத் தட்டுத டாப்பட்டு ஆக்கும். மேல மூடியை எடு. இடைவெளி பாக்குத தகடு, அந்த ஃபீலர் கேஜ், மர அலமாரியில உண்டு..."

டிக்கிடிக்கியா? ரத்னபாய் நெற்றியைச் சுருக்கினாள். ஆனால் எலியா சொல்கிறான். அவனுக்குத் தெரியாததா?

அடுத்த வீட்டு அம்மிணியைக் கூப்பிட்டாள். அம்மிணி பீடி சுற்றுகிறவள். எப்போதும் வாய் மூடாது. வண்டியின் மூக்குக்குக் கீழே ஹேண்டிலைச் சொருகி, ரத்னபாய் சொன்னபோதெல்லாம் அம்மிணி கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றினாள். ரத்னபாய் ஒவ்வொரு டாப்பட்டாகத் தகடு விட்டுப் பார்த்து ஸ்க்ரூவைத் திருப்பினாள்.

"அக்கா, எனக்கு கை கழண்டு போவும். இந்த சவத்தை ஆட்டுததுக்கு நாலு படி மாவு ஆட்டியிருக்கலாம்."

"மிண்டாதே பிள்ளே. இன்னும் கொஞ்சம். ஆ, நிறுத்து, நிறுத்து!"

மூடியைப் போட்டு, ஜெபித்து, செல்ஃப் அடித்தாள். எஞ்சின் முன்னைவிட மென்மையாகப் பிடித்தது. ஆனால் டொக்கு... டொக்கு... அப்படியே இருந்தது.

அந்த வாரமே தோப்பில் கருங்கல் வந்து இறங்கியது. சோமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தான். ரத்னபாய் போய் நின்றாள்.

"என்ன அளக்குதிய, சோமன் அண்ணே?"

அந்த "அண்ணே" அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எலியாவின் அப்பா அவன் அப்பாவை ஏமானே என்றுதான் கூப்பிட்டார், குனிந்துதான் நின்றார். ரத்னபாய் குனியவில்லை. மரியாதைக் குறைவாகவும் பேசவில்லை.

"மதிலு கெட்டுதேன். உங்களுக்கு நடக்க மூணடி விட்டிருக்கு."

"வண்டி?"

"வண்டியா? அது செத்துப்போச்சாமே."

"செத்தது சத்தம் போடுமா அண்ணே? அது சத்தம் போடுது. சத்தம் போடுததுனாலதான் சொல்லுதேன், அதுக்கு உயிர் உண்டு."

சோமன் சிரித்தான். "ரத்னபாயி, சட்டம் பத்து சென்டு தந்து. அது போனது போவட்டு. வழியும் வண்டிச்சாலையும் சட்டத்துல உண்டா? ஓடாத வண்டிக்கு ரோடு என்னத்துக்கு? பழைய இரும்பு எடுக்குத ஆக்கர்க்கடைக்காரனை நானே கூட்டிட்டு வாறேன், எடுத்துட்டுப் போவட்டு."

"உங்க அப்பா ஏறின வண்டியாக்கும் அது."

"அப்பா இல்ல. நான் உண்டு."

"நானும் உண்டு" என்றாள் ரத்னபாய்.

அவள் நேரே பஞ்சாயத்து மெம்பர் பொன்னுதாஸ் வீட்டுக்குப் போனாள். சபையில் அவளுக்கு முன்வரிசையில் உட்காருகிறவர், யாரையும் பகைக்காதவர். இரு பக்கமும் கேட்டு, தாடையைத் தடவி, அவர் சொன்ன தீர்ப்பு இதுதான்: வண்டி ஓடினால் அது வண்டிவழி, சோமன் மதிலைத் தள்ளிக் கட்டவேண்டும். ஓடாவிட்டால் நடைவழி, மூன்றடி போதும். ஞாயிறு ஆராதனை முடிந்து அவரே வந்து பார்ப்பார். யாரும் தள்ளக்கூடாது, வண்டி தன் உயிரில் ரோடு வரை வரவேண்டும். சோமன் உடனே சரி என்றான். மேஸ்திரி சொன்னது அவன் காதில் இருந்தது.

இடித்துக்கொண்டே ஓட்டிவிடலாமே என்று அம்மிணி கேட்டாள். உண்மையிலேயே பேரிங் என்றால் பாதி வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிடும், பிறகு அந்த இடத்திலேயே அதற்கு மதில் எழும்பும். இன்னொரு கேசட் அனுப்பிப் பதில் வாங்க நேரம் இல்லை. ரத்னபாய் முழங்காலில் நின்றாள். "ஆண்டவரே, எரிகோ மதிலு மாதிரி இடிச்சுத் தாரும்னு கேக்கல்ல. கெட்டுததுக்கு முன்ன எனக்கு ஒரு புத்தி தாரும்" என்றாள்.

சாயங்காலம் அம்மிணி வந்து, "எலியா அண்ணன் பேசுததையாவது கேப்போம், வீடு மரிச்ச வீடு மாதிரி கெடக்கு" என்று டேப்பைத் தட்டினாள். கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டாள். எலியாவுக்குப் பதில் கீச்சுக் குரலில் ஒரு பாட்டு ஓடியது. சரணத்தின் பின்னால் சரணம், மூச்சுவிடாமல், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி.

"ஆரு அக்கா இந்தக் கொச்சுப்பிள்ளை? நல்ல பாடுது."

"அது நானாக்கும்."

"நீங்களா!" அம்மிணி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "எலிக்குஞ்சு மாதிரியில்லா இருக்கு!"

ரத்னபாயும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பாட்டின் அடியில் எஞ்சின் கேட்டது. டிக்கிடிக்கி டிக்கிடிக்கி. தையல் மிஷின்.

"அம்மிணி... நான் பிடிச்சப்ப செல்லு சோர்ந்து கெடந்து. நாடா மெல்ல ஓடியிருக்கு. அதே சோர்ந்த செல்லுல நான் போட்டுக் கேட்டேன், அதனால செரியா கேட்டுது. அங்க அவரு கரண்டுல போட்டிருக்காரு. ஓட்டமா ஓடியிருக்கு. எனக்க குரலு குட்டிக் குரலா ஆச்சு. எஞ்சினுக்க இடி டிக்கிடிக்கியா ஆச்சு."

"அப்ப அண்ணன் சொன்னது?"

"அவரு வேற ஏதோ வண்டிக்கு மருந்து சொல்லியிருக்காரு."

அம்மிணி வாயைப் பொத்தினாள். "அப்ப மேஸ்திரி சொன்னது தான் செரியா அக்கா? பேரிங்கா?"

அதுதான் ரத்னபாயின் நெஞ்சிலும் இடித்தது. தம்மாமிலிருந்து வந்த தைரியம் ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. இனி யாரிடம் கேட்பது? டேப்பை அணைத்தாள். பிறகு, "கனமா இடிக்குததெல்லாம் பேரிங்கு ஆவணும்னு உண்டா?" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். எலியா இந்த வண்டிக்குக் கீழே படுத்துக்கிடந்த காலமெல்லாம் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தது அவள்தான். அவன் சத்தத்தை எப்படித் தேடுவான் என்பதைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றாக வாயை அடைப்பான். எதன் வாயை அடைத்தால் சத்தம் நிற்கிறதோ, அது கள்ளன்.

மறுநாள் காலை எஞ்சினை ஓடவிட்டாள். காய்ந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாக உருவி உருவி மாட்டினாள். பேரிங் என்றால், அந்தச் சிலிண்டரின் வயரை எடுத்ததும் இடி குறையும். எஞ்சின் ஒவ்வொரு தடவையும் நொண்டியது. இடி மட்டும் குறையவே இல்லை.

"ஸ்தோத்திரம்" என்றாள், மெதுவாக. அணைத்தாள்.

டைனமோவின் நட்டைத் தளர்த்தி ஃபேன் பெல்ட்டைக் கழற்றினாள். பெல்ட் இல்லாமல் தண்ணீர் சுற்றாது, எஞ்சின் கொதிக்கும். ஆகையால் ஒரே ஒரு பல்லவிக்கு மட்டும் ஓடவிடலாம். செல்ஃப் அடித்தாள். எஞ்சின் பிடித்தது. அவள் பாடவில்லை, காதைக் கொடுத்தாள்.

இடி இல்லை.

அம்மிணி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கத்தினாள்: "அக்கா! நின்னு போச்சு!"

அப்படியானால் கள்ளன் எஞ்சினுக்குள் இல்லை. பெல்ட் சுழற்றுகிற இரண்டில் ஒன்று. டைனமோவைக் கையால் சுழற்றினாள். வழுவழுவென்று போயிற்று. ஃபேன் இலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள். ஆடுகிற பல் மாதிரி ஆடியது. ஃபேன் மாட்டியிருக்கிற வாட்டர் பம்ப், அதன் அச்சு தேய்ந்து போயிருக்கிறது. கீழே ரேடியேட்டர் ஓரத்தில் துருநிறத் தண்ணீர்த் தடமும் இருந்தது. சனிக்கிழமைதோறும் தண்ணீர் குறைவதை அவள் பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறாள். ஏன் குறைகிறது என்று மட்டும் கேட்கவில்லை.

"எனக்க முன்னால நின்னு அழுதிருக்கு. நான் அதுக்குப் பாட்டுப் பாடிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, பழைய பம்பைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் காட்டி, அதே மாதிரி வேறொன்று வாங்கிவந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள், "பையில என்னது மோளே, சட்டியா?" என்று கேட்டாள். "ஆமா, வெந்நீர் கொதிக்காம இருக்கப்பட்ட சட்டி" என்றாள் ரத்னபாய்.

சனிக்கிழமை. அம்மிணியும் அவளும் சேர்ந்து ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சினின் முகத்தைச் சுரண்டித் துடைத்தாள். இடையில் வைக்கிற அட்டை கடையில் கிடைக்கவில்லை. தம்மாமிலிருந்து வந்த சோப்புப் பெட்டியின் கனத்த அட்டையில் பம்பின் வாயை அழுத்திப் பதித்து, கத்தரியால் வெட்டி, கிரீஸ் தடவி வைத்தாள். போல்ட்டுகளைக் குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினாள். தண்ணீர் ஊற்றினால் ஒரு மூலையில் கசிந்தது. கழற்றினாள். அட்டையில் ஒரு மடிப்பு இருந்திருக்கிறது. வேறொன்று வெட்டினாள். இந்தத் தடவை கசியவில்லை. அன்று ஐந்து சரணமும் பாடி முடித்தபோது எஞ்சின் அவள் குரலுக்கு அடியில் தணிந்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மிணிக்கு அந்தக் கீர்த்தனை மனப்பாடம். அவளும் கூடப் பாடினாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து பொன்னுதாஸ் மெம்பர் வெள்ளை ஜிப்பாவோடு நேரே தோப்புக்கு வந்தார். கூட வந்தவர்களும் நின்றார்கள். தங்கையன் மேஸ்திரியும் வந்திருந்தார். ரத்னபாய் ஆராதனைக்கு உடுத்த சேலையோடேயே வண்டியில் ஏறினாள்.

அவளுக்கு ஓட்டத் தெரியும். கோயில் மைதானத்தில் எலியா கற்றுக்கொடுத்திருக்கிறான். லைசன்ஸ் மட்டும் இல்லை. அதை அவளே மெம்பரிடம் சொன்னாள்: "நான் ரோட்டுல ஏறமாட்டேன். எனக்க வழி ரோடு வரைக்குந்தான். அது வரைக்கும் எனக்கு ஆரும் லைசன்ஸ் தரவேண்டாம்."

வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. தென்னைகளுக்கு இடையில் மெல்ல ஊர்ந்தது. பாதி வழி வந்ததும் நின்றது. பழுதால் அல்ல. வழியின் நடுவில் கருங்கல் கும்பல் கிடந்தது. நேற்று மாலை வரை அது ஓரத்தில் கிடந்தது.

"கல்லு கெடக்கே, சோமா" என்றார் மெம்பர்.

"கெடக்கு. இறக்கினவன் இறக்கிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை பணிக்கு ஆள் வருமா?" சோமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் கண் கல்லில் இல்லை, வண்டியின் மூக்கில் இருந்தது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் இப்போது கொதிக்கும், இப்போது ஆவி பறக்கும் என்று அவன் காத்து நிற்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ரத்னபாய்க்கும் தெரிந்தது. அணைத்துவிட்டால் செத்துப்போயிற்று என்பார்கள். அவள் அணைக்கவில்லை. கியரை எடுத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, பாடத் தொடங்கினாள்.

முதல் சரணம். இரண்டாம் சரணம். மூன்று. எஞ்சின் ஒரே சீராக ஓடியது. ஆராதனை விட்டு வந்த பெண்களில் இரண்டு பேர் நாலாம் சரணத்தில் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தும் முடிந்தது. ஆவி வரவில்லை. அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

தங்கையன் மேஸ்திரி வண்டியின் பக்கத்தில் வந்து தலையைச் சரித்துக் கேட்டார். நிமிர்ந்தார். "இது பேரிங்கு இல்ல. அன்னைக்கு நான் பெல்ட்டைக் கழட்டிப் பாக்கல்ல அக்கா. அது எனக்க தப்பு" என்றார், எல்லோருக்கும் கேட்க. பிறகு சட்டைக்கையை மடித்துக்கொண்டு போய் ஒரு கல்லைத் தூக்கி ஓரத்தில் போட்டார். அம்மிணி இன்னொன்றை உருட்டினாள். "மெம்பரே, கை வெள்ளையா இருக்கட்டும்னு நிக்குதியளா?" என்று கேட்டாள். பொன்னுதாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரையும் பகைக்காமல் இருக்க அன்றைக்கு வழி இருக்கவில்லை. அவரும் குனிந்தார்.

சோமன் ஒரு கல்லையும் தொடவில்லை. ஆனால் கடைசிக் கல் போகும்போது தள்ளி நின்றான்.

வண்டி நகர்ந்தது. மேட்டில் ஏறி, முன்சக்கரம் இரண்டும் டார் ரோட்டைத் தொட்டதும் ரத்னபாய் பிரேக்கை அழுத்தினாள். பாறசாலை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முன்னால் போயிற்று. அவளும் ஒரு தடவை ஹாரன் அடித்தாள், சும்மாதான். பிறகு பின்கியர் போட்டு, தலையை வெளியே நீட்டிப் பார்த்துப் பார்த்து, தீர்ப்புக்குப் பிறகு சோமன் மதிலுக்கான அளவுக்கயிற்றை வண்டியின் உடம்புக்கு ஒட்டித் தள்ளிக் கட்டியிருந்த இடம் வரை திரும்பி வந்தாள். அங்கே நிறுத்தினாள். தன் பக்கத்துக் கதவை முழுக்கத் திறந்தாள். எட்டி மறுபக்கத்துக் கதவையும் திறந்தாள். கயிறு கதவில் மாட்டி அறுந்து விழுந்தது.

"என்ன இது?" என்றான் சோமன்.

"அகலம், அண்ணே. வண்டி போற அகலம்னு உங்க அப்பா சொன்னாரு. வண்டின்னா அதுல மனுசன் ஏறணும், இறங்கணும். உங்க அப்பாவை நாங்க இந்தக் கதவு வழியாட்டுதான் ஏத்தினோம். இந்தா, இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம். இதுக்கு வெளியில நீங்க எம்புட்டு உயரத்துக்கு வேணும்னாலும் கெட்டிக்கிடுங்க. வானம் வரைக்கும் கெட்டுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மெம்பர் தாடையைத் தடவினார். அம்மிணி இரண்டு கதவின் நுனிக்கும் நேராக ஒவ்வொரு கல்லை வைத்தாள். அவள் வைத்த இடத்தில்தான் பிறகு மதில் எழும்பியது. முதல் நாள் சோமன் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் வந்து, கொத்தனிடம், "அந்தக் கல்லை நகத்தாண்டாம்" என்று மட்டும் சொன்னானாம்.

அந்த ஞாயிறன்று ரத்னபாய் கதவுகளைச் சாத்திக்கொண்டு வண்டியைக் கொட்டகைக்குள் விட்டாள். சாவியில் கை வைத்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். இரண்டாம் சுற்றில் இன்னும் இரண்டு சரணம் பாக்கி இருந்தது. அதையும் பாடி முடித்துவிட்டுத்தான் அணைத்தாள்.